டோல் சாவடியைத் தாண்டி



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்களில் பயணப் பேச்சுத்தான். தைப்பூசமென்றால் பத்துமலை, தண்ணீர்மலை, கல்லுமலை. தீபாவளியென்றால் தாத்தா பாட்டி இருக்கும் தோட்டம். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எதற்குப் புறப்பட்டாலும், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் ஏறித்தான் ஆகவேண்டும். சாவடியில் அட்டையைத் தட்டுகிறோம். தடுப்புக் கட்டை எழும்புகிறது. வண்டி பறக்கிறது. பின்னால் பிள்ளைகள் முறுக்கைக் கடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

கட்டிய பணம் யார் கைக்குப் போகிறது? அந்தச் சாலையில் நம் உயிரைக் காக்கும் பொறுப்பு யாருடையது? இதை நாம் கேட்பதே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி இது. ஆகவே இன்று உங்களை அழைத்துக்கொண்டு அந்தச் சாலையில் வடக்கிலிருந்து தெற்கே போகலாம் என்றிருக்கிறேன். சன்னலோர இருக்கை உங்களுக்கு. வாருங்கள், புறப்படுவோம்.

வடக்கு முனையிலிருந்து

நம் பயணம் கெடா மாநிலத்தின் புக்கிட் காயு ஹீத்தாமில் தொடங்குகிறது. முதுகுக்குப் பின்னால் தாய்லாந்து எல்லை. முன்னால் ஜொகூர் பாரு வரைக்கும் 772 கிலோமீட்டர். கண்ணுக்கெட்டிய தூரம் வயல், வயலைத் தாண்டினால் ரப்பர், ரப்பரைத் தாண்டினால் செம்பனை.

இந்தச் சாலை வருமுன் இருந்ததெல்லாம் பழைய பெருஞ்சாலை ஒன்றுதான். அது ஒவ்வொரு பட்டணத்தின் கடைத்தெருவுக்குள்ளும் நுழைந்து வெளியே வரும். எதிரும் புதிருமாக ஒற்றைத் தடம். முன்னால் மரக்கட்டை ஏற்றிய லோரி ஒன்று மாட்டிக்கொண்டால், அதை முந்துவதற்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டும். என் தகப்பனார் கோலாலம்பூருக்குப் போவதென்றால், விடியற்காலையில் கட்டுச்சோற்று மூட்டையுடன் கிளம்பி, விளக்கு வைக்கும் நேரத்தில்தான் போய்ச் சேருவார்.

1980ஆம் ஆண்டில் அரசாங்கம் மலேசிய நெடுஞ்சாலை வாரியத்தை அமைத்தது. புதிய நெடுஞ்சாலையின் முதல் பகுதிகளைக் கட்டும் வேலை அதன் கையில் இருந்தது. வேலை பெரிது, கையிருப்போ போதவில்லை. 1988இல் மீதி வேலை தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டுகிறவர் டோல் வசூலித்துக்கொள்ளலாம், சாலையைப் பராமரிக்க வேண்டும், வாரியம் மேற்பார்வை செய்யும் என்பது ஒப்பந்தம். 1994 செப்டம்பர் 8ஆம் தேதி முழுச் சாலையும் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அந்நாளில் பிரதமராக இருந்தவர் டாக்டர் மகாதீர்.

இரண்டு பைகள்

அலோர் ஸ்டார், குருண், சுங்கை பட்டாணி எல்லாம் பின்னே போய்விட்டன. ஜூருவை நெருங்குகிறோம். வலப்பக்கம் திரும்பினால் 1985இல் திறந்த பினாங்குப் பாலம். நாம் திரும்பப் போவதில்லை, நேரே போகிறோம். இந்த இடத்தில் பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

நம் நாட்டில் சாலைப் பாதுகாப்புக்குப் பணம் வருவது இரண்டு பைகளிலிருந்து. ஒன்று டோல் பை. நெடுஞ்சாலையின் தார், இரும்புத் தடுப்பு, வெள்ளைக்கோடு, விளக்கு, ரோந்து வண்டி, சரிவுகளின் பராமரிப்பு எல்லாம் இதிலிருந்து. இன்னொன்று அரசாங்கப் பை. நெடுஞ்சாலைக்கு வெளியே உள்ள கூட்டரசுச் சாலைகள், போக்குவரத்துப் போலீசார், சாலைப் போக்குவரத்து இலாகா, பாதுகாப்புப் பிரசாரம், ஆராய்ச்சி எல்லாம் அதிலிருந்து. 2007ஆம் ஆண்டில் தொடங்கிய மிரோஸ் என்னும் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமும் அந்தப் பையைத்தான் நம்பியிருக்கிறது.

இரண்டாவது பை நிறைவது நாம் கட்டும் வரியால் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் பையிலும் நமக்குப் பங்குண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2011ஆம் ஆண்டில் இந்த நெடுஞ்சாலை நிறுவனம் கைமாறியபோது, அதில் 49 விழுக்காட்டை வாங்கியது ஊழியர் சேமநிதி வாரியம். மீதி 51 விழுக்காடு அரசாங்கத்தைச் சார்ந்த நிறுவனத்திடம். பால் வெட்டியவர், குலை அறுத்தவர், தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர் என்று ஒவ்வொருவரின் சம்பளத்திலும் மாதாமாதம் பிடித்தம் செய்த சேமநிதிப் பணத்தின் ஒரு துளி இந்தத் தாருக்குள் இருக்கிறது. டோல் கட்டுகிறவரும் நாம்தான், அந்த டோலில் ஆதாயம் பார்க்கும் சேமநிதியின் உறுப்பினரும் நாம்தான்.

2020 பிப்ரவரி 1ஆம் தேதி இந்தச் சாலையின் டோல் 18 விழுக்காடு குறைக்கப்பட்டது. அதற்கு ஈடாக நிறுவனத்தின் ஒப்பந்தக் காலம் 2058 வரைக்கும் நீட்டிக்கப்பட்டது. கட்டணம் குறைந்ததில் நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் குடும்பத் தலைவி கணக்குப் பார்ப்பது போல நாமும் பார்க்க வேண்டும். வருமானம் குறையும் வீட்டில் எந்தச் செலவைக் குறைத்தாலும் மருந்துச் செலவைக் குறைக்கக் கூடாது. சாலைக்கு மருந்துச் செலவு என்பது பாதுகாப்புச் செலவு. அதைக் குறைக்கவிடாமல் பார்ப்பதற்குத்தான் மேற்பார்வை என்று ஒன்று இருக்கிறது.

மலையேறும் இடம்

கமுந்திங் தாண்டி, சங்காட் ஜெரிங் தாண்டி, சாலை மெல்ல மேலேறுகிறது. பச்சை மலைகள் இருபுறமும் எழும்புகின்றன. புக்கிட் கந்தாங் வட்டாரம் இது. 2007 ஆகஸ்ட் 13ஆம் தேதி விடியுமுன் இங்கே ஒரு விரைவுப் பேருந்து கவிழ்ந்து 20 பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். அந்த ஓட்டுநர் மீது தீர்க்கப்படாத சம்மன்கள் இருந்தது பிறகு வெளியானது. நாடே கொதித்தது.

சம்மன் எழுதுவது போலீஸ். உரிமம் கொடுப்பது சாலைப் போக்குவரத்து இலாகா. பேருந்து ஓட்ட அனுமதி கொடுப்பது வேறொரு வாரியம். வண்டியைச் சோதிப்பது வேறொரு நிலையம். சாலையைப் பார்ப்பது நெடுஞ்சாலை வாரியம். எல்லோரும் வேலையைச் செய்தாலும், ஒருவர் அறிந்தது மற்றவருக்குப் போய்ச் சேராவிட்டால் ஆபத்து நடுவிலே புகுந்துவிடுகிறது. பல பேர் வளர்த்த பிள்ளைக்குச் சோறு யார் போட்டார்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது போன்றது இது.

இன்றும் பொறுப்பு பல அமைச்சுகளில்தான் பிரிந்து கிடக்கிறது. நெடுஞ்சாலை வாரியமும் பொதுப்பணி இலாகாவும் பொதுப்பணி அமைச்சின் கீழ். சாலைப் போக்குவரத்து இலாகாவும், பேருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் தரைப் பொதுப் போக்குவரத்து முகமையும் போக்குவரத்து அமைச்சின் கீழ். போலீஸ் உள்துறை அமைச்சின் கீழ். யாரிடம் எதைக் கேட்பது என்று நாமே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கோலகங்சாரைக் கடந்தோம். இதோ மெனோரா சுரங்கப் பாதை. மலையைக் குடைந்து சுமார் 800 மீட்டர் நீளத்துக்குச் செய்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார்கள். வெளியே வந்ததும் சாலை சரசரவென்று ஈப்போ பக்கம் இறங்குகிறது. வேக வரம்பு இங்கே 110 அல்ல, 80தான்.

இந்த இறக்கத்தின் அடியில் ஜெலப்பாங்கில் முன்பு ஒரு டோல் சாவடி இருந்தது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மலையிலிருந்து பாரத்தோடு இறங்கும் லோரிக்குப் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால், அது வந்து மோதுமிடம் காசு கட்டக் காத்திருக்கும் வண்டிகளின் வரிசைதான். அப்படி உயிர்கள் போயின. கடைசியில் 2009ஆம் ஆண்டு அந்தச் சாவடியையே எடுத்துவிட்டார்கள். டோல் வசூலிக்கும் முறையை மாற்றியமைத்து, வண்டிகள் இறக்கத்தில் நிற்கத் தேவையில்லாமல் செய்தார்கள்.

நான் என் மாணவர்களுக்கு இதை அடிக்கடி சொல்வதுண்டு. ஓட்டுநர்கள் கவனமாக இருக்க வேண்டுமென்று எத்தனை பலகை வைத்தாலும், மனிதன் தவறுவான், இரும்பும் தவறும். தவறும்போது உயிர் போகாதபடி இடத்தை அமைப்பதுதான் அரசாங்கத்தின் வேலை, சாலை நிறுவனத்தின் வேலை. சாவடியை நகர்த்தச் செலவாகும். ஆனால் அந்தச் செலவு எத்தனை வீட்டில் விளக்கு அணையாமல் காத்தது என்பதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது.

மலையும் மழையும்

ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. கோப்பேங் தாண்டினால் குவா தெம்புருங் குகை. 1996 ஜனவரியில் இங்கே நெடுஞ்சாலை மீது மலைச்சரிவு விழுந்து ஒரு லோரி ஓட்டுநர் உயிரிழந்தார். அதற்கு ஆறு மாதம் முன்னர், 1995 ஜூன் 30ஆம் தேதி, கெந்திங் மலைக்குப் போகும் இணைப்புச் சாலையில் மண்ணும் நீரும் சேர்ந்து இறங்கி 20 பேரை அள்ளிக்கொண்டு போனது. 2003 நவம்பரில் கோலாலம்பூருக்கு அருகே புக்கிட் லஞ்சானில் பாறைகள் சரிந்து நெடுஞ்சாலை மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மரத்தை வெட்டிய மேட்டில் அடைமழை பெய்தால் என்ன ஆகும் என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள். அதனால்தான் துரைமார் காலத்திலேயே மேட்டில் படிவெட்டி, கான் வெட்டி, மூடுகொடி படரவிட்டு மண்ணைப் பிடித்துவைத்தார்கள். சாலைச் சரிவுக்கும் அதே வைத்தியம்தான்: நீர் வடியக் கான், பிடித்துக்கொள்ளப் புல், தேவையான இடத்தில் சிமெண்டுச் சுவர். முக்கியமானது என்னவென்றால், கானில் இலை அடைத்திருக்கிறதா என்று மழைக்கு முன்னே யாராவது ஏறிப் பார்க்க வேண்டும். 2004இல் பொதுப்பணி இலாகா சரிவுகளைக் கவனிப்பதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. வெள்ளம் வருமுன் அணை போடும் வேலை அது. செய்தால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. செய்யாவிட்டால் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வரும்.

நம் காட்டின் நடுவே

தாப்பா ஓய்வு நிலையத்தில் ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புவோம். பீடோர், சுங்கை, சிலிம் ரிவர். இரு பக்கமும் செம்பனை வரிசை வரிசையாக ஓடுகிறது. நம் சனங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த மண் இது. நெடுஞ்சாலை வந்தபோது பல தோட்டங்களை நடுவே பிளந்துகொண்டுதான் வந்தது.

நான் பணிபுரியும் தோட்டமும் ஒரு நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான் இருக்கிறது. எந்தச் சாலை, எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். அங்கே ஒரு மூதாட்டி ஒருநாள் என்னிடம் சொன்னார்: "முன்ன எல்லாம் ஒரே காடுங்க வாத்தியாரே. அந்தப் பக்கம் கோயிலு, இந்தப் பக்கம் லயம். ரோடு வந்து நடுவுல படுத்துக்கிச்சு. சாமியப் பார்க்கணும்னா சுத்திக்கிட்டுப் போக வேண்டியிருக்கு."

சுற்றிப் போவதற்கு நெடுஞ்சாலைக்கு அடியில் ஒரு சிறு சுரங்க வழி உண்டு. டிராக்டர் போகலாம், ஆட்களும் போகலாம். ஆனால் மழை நாளில் முழங்கால் தண்ணீர். மாலையானால் கும்மிருட்டு. ஆகவே யாரோ நெடுஞ்சாலையின் கம்பி வேலியை அறுத்து ஒரு வழி வைத்திருந்தார்கள். கோயிலுக்கும் பந்து விளையாடவும் பிள்ளைகள் அதன் வழியே புகுந்து, நூற்றுப்பத்தில் வரும் வண்டிகளுக்கு நடுவே ஓடினார்கள்.

பிள்ளைகளை அதட்டினோம். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினோம். ஆனால் சுரங்க வழி இருட்டாகவும் சேறாகவும் இருக்கும் வரைக்கும் அதட்டல் எத்தனை நாள் நிற்கும்? கோயில் நிர்வாகமும் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கூடிப் பேசியபோதுதான் சிக்கல் புரிந்தது. வேலி நெடுஞ்சாலைக்காரர்களுடையது. சுரங்க வழிக்குப் போகும் மண்பாதை தோட்ட நிர்வாகத்துடையது. விளக்கு யாருடையது என்று எந்தத் தாளிலும் இல்லை.

சங்கத்தின் பெயரில் மலாய்மொழியில் ஒரு கடிதம் எழுதினோம். இடத்தின் கிலோமீட்டர் எண், படம், எத்தனை பிள்ளைகள், எந்த நேரம் என்று எல்லாவற்றையும் குறிப்பிட்டோம். நெடுஞ்சாலை நிறுவனத்துக்கு ஒன்று, வாரியத்துக்கு ஒன்று, தோட்ட நிர்வாகத்துக்கு ஒன்று, சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று. அடியில் நால்வருக்கும் நகல் போயிருக்கிறது என்று எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்குப் பலன் இருந்தது. வேலி புதிதாகப் போடப்பட்டது. தோட்டத்தார் மண்பாதையை மேடாக்கிக் கொடுத்தார்கள். தண்ணீர் இப்போது நிற்பதில்லை. விளக்கு மட்டும் இன்னும் வரவில்லை. மூன்றாவது கடிதம் போயிருக்கிறது.

புதிய சட்டங்கள்

தஞ்சோங் மாலிமைத் தாண்டும்போது ஆசிரியனாகிய எனக்கு மனம் கனத்துப்போகும். 1922 முதல் ஆசிரியர்களை உருவாக்கி வரும் ஊர் அது. 2025 ஜூன் 9ஆம் தேதி, கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து, இவ்வூர் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 15 பேர் மாண்டார்கள். அதற்கு முந்திய மாதம் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி, போலீஸ் கலகத் தடுப்புப் படையினர் 9 பேர் உயிரிழந்தார்கள். அந்தச் சாலைகளில் டோல் கிடையாது. அரசாங்கப் பையிலிருந்து பராமரிக்கும் சாலைகள் அவை.

அதன் பிறகு சட்டம் இறுகியது. 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்திலும் சுற்றுலாப் பேருந்திலும் பயணிகள் இருக்கை வார் அணிவது கட்டாயமாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் முதல் கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்தது. நல்லதே. ஆனால் எண்ணிப் பாருங்கள்: காரின் முன் இருக்கைக்கு வார் கட்டாயமானது 1979இல். பின் இருக்கைக்கு 2009இல். பேருந்துப் பயணிக்கு 2025இல். ஒவ்வொரு அடிக்கும் இடையே எத்தனை ஆண்டு! செரம்பான் தாண்டித் தெற்கே போனால் பாகோ வரும். 2016 டிசம்பர் 24ஆம் தேதி அங்கே பேருந்து விபத்தில் 14 பேர் மாண்டார்கள். அந்த ஆண்டு முழுதும் நாட்டுச் சாலைகளில் போன உயிர்கள் 7,152.

இரண்டு சக்கரம்

இவ்வளவு நேரம் பேருந்தையும் லோரியையும் பேசினோம். ஆனால் நம் நாட்டுச் சாலைகளில் இறப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். தோட்டத்தை விட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் ஏறுவது அதில்தான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது. காசு கட்டாதவர் என்பதால் அவர் உயிரின் விலை குறைந்துவிடாது. 1970களிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனித் தடம் கட்டிக் காட்டிய நாடு இது. மற்ற சாலைகளுக்கும் அதைக் கேட்பது பேராசையாகாது.

இன்னொன்றையும் வீட்டில் சொல்லிவையுங்கள். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்தால், சொக்சோவில் பதிந்த தொழிலாளிக்கு உதவித்தொகை பெற உரிமை உண்டு. முதலாளி பதிந்திருக்கிறாரா என்று இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆசுபத்திரியில் படுத்த பிறகு தேடக் கூடாது.

சாவடிக்கு வெளியே

ஜொகூர் வந்தாயிற்று. யோங் பெங், ஆயர் ஈத்தாம், மச்சாப், சிம்பாங் ரெங்கம், கூலாய். சாவடியில் அட்டையைத் தட்டி வெளியே வருகிறோம். இனி உறவினர் வீட்டுக்குத் தோட்டப் பாதை வழியே போக வேண்டும்.

நெடுஞ்சாலைக்கு டோல் உண்டு. கூட்டரசுச் சாலைக்கு அரசாங்க ஒதுக்கீடு உண்டு. மாநிலச் சாலைக்கோ, அரசமைப்புச் சட்டத்தின் 109ஆம் விதிப்படி கூட்டரசு ஆண்டுதோறும் மானியம் கொடுக்கிறது. ஆனால் அது அரசாங்கப் பதிவேட்டில் ஏறிய சாலைக்கு மட்டுமே. தோட்டப் பாதை தனியார் சொத்து. அதற்கு மானியமில்லை. அந்தப் பாதை பெருஞ்சாலையைத் தொடும் முச்சந்தியில்தான் பள்ளிப் பேருந்து நிற்கிறது, பாட்டிகள் சந்தைக்குக் குறுக்கே நடக்கிறார்கள், இளைஞர்கள் மோட்டார் சைக்கிளைத் திருப்புகிறார்கள். பெருஞ்சாலைப் பக்கத்து மண் அரசாங்கத்துடையது. அந்தப் பக்கத்தில் விளக்கும் பாதசாரிக் கோடும் எச்சரிக்கைப் பலகையும் கேட்க நமக்கு முழு உரிமையும் உண்டு. தோட்டப் பாதையையே அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றும்படி மாவட்டக் காரியாலயத்தில் விண்ணப்பிக்கலாம். தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும், காலமும் பிடிக்கும். இருந்தும் கேட்டுவைக்க வேண்டியதுதான்.

கோயிலுக்கோ பள்ளிச் சுற்றுலாவுக்கோ பேருந்து பேசும்போது வாடகையை மட்டும் பேசாதீர்கள். அனுமதிச் சீட்டின் நகலைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் வாகனச் சோதனைச் சீட்டைக் கேளுங்கள். இரவுப் பயணமென்றால் மாற்று ஓட்டுநர் உண்டா என்று கேளுங்கள். ஒருமுறை எங்கள் பள்ளிக்குப் பேருந்து தர வந்த ஒருவர், "இதெல்லாம் எதுக்கு சார் கேக்குறீங்க, நம்பிக்கை இல்லையா?" என்றார். நாற்பது பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை அவர் முன் வைத்தேன். மறுநாள் சீட்டுகள் வந்துவிட்டன.

வாசகர்களே, உங்கள் தோட்ட முச்சந்தியில் விளக்கில்லையென்றால், இந்தப் பக்கத்தை மூடியதும் ஒரு தாளை எடுங்கள். இடத்தின் பெயர், கிலோமீட்டர் கல்லின் எண், அங்கே குறுக்கே நடப்பவர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். எழுதித் தருவார்.